ரோட்டைப் பார்த்த பக்கம்

வண்டிக்குச் சாராயம் காய்ச்சுகிற கம்பெனி என்றுதான் அந்த ஆலைக்குச் சுற்றுவட்டாரத்தில் பேர். வாசலில் இருந்த பெரிய பலகையில் வேறு என்னவோ எழுதியிருந்தது. அதை யாரும் நின்று படித்ததில்லை. மக்காச்சோளத்தை அரைத்து, மாவைக் கரைத்து, ஈஸ்ட் போட்டுத் தொட்டியில் புளிக்கவிட்டு, காய்ச்சி வடித்தால் எத்தனால். அதைப் பெட்ரோலில் கலந்து வண்டிக்கு ஊற்றலாம். செய்முறையை மட்டும் கேட்டவர்கள் சாராயம் என்று சொன்னதில் தப்பில்லை.

அவளுக்கு அந்த ஆலையில் மண்ணைச் சோதிக்கிற வேலை. வேதியியல் படித்தவள். சோளம் போடுகிறவர்கள் அவளை ‘மண்ணு மேடம்’ என்பார்கள். அவளுக்குப் பேச்சு சட்டென்று வராது. பேசவேண்டிய இடத்தில் முதலில் தொண்டையைச் செருமுவாள். எதிரே இருப்பவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மேலே பேசிக்கொண்டு போய்விடுவார். இப்படி அவள் ஒப்புக்கொள்ளாமலே ஒப்புக்கொண்ட காரியங்கள் நிறைய உண்டு.

எரிபொருளை வாங்குகிற நிறுவனத்துக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. விதை ஊன்றியதிலிருந்து டாங்கர் லாரியில் ஏறுகிற வரைக்கும், ஒரு லிட்டர் எத்தனாலுக்காக எவ்வளவு கரி, அதாவது கார்பன், காற்றில் போனது என்கிற எண். அது ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால்தான் வாங்குவார்கள். ஆலை தன்னால் ஆனதைச் செய்து பார்த்துவிட்டது. கொதிகலனுக்கு நிலக்கரியை நிறுத்திவிட்டு, முத்து உதிர்த்த சோளக்கதிர்க் கட்டைகளைப் போட்டு எரித்தார்கள். மாவு புளிக்கும்போது பொங்கி வரும் வாயுவை முன்பெல்லாம் வானத்துக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது குழாய் வைத்துப் பிடித்து, அழுத்தி, பூமிக்குள் ஆழத்தில் பாறைக்கு அடியில் இறக்கினார்கள். இவ்வளவும் செய்த பிறகும் எண் வரம்புக்கு ஒரு விரற்கடை மேலே உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

மிச்சம் இருந்தது வயல். உழாத மண் தனக்குள் கரியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். உழுது புரட்டினால் காற்றுப் பட்டு, சேர்த்ததெல்லாம் வாயுவாகிப் போய்விடும். அதனால் உழக்கூடாது. அறுத்த பிறகு தட்டைகளை அப்படியே நிற்க விடவேண்டும். அடுத்த விதைப்புக்கு ஆலையின் மெஷின் வந்து, தட்டைகளுக்கு நடுவே மண்ணைக் கத்தியால் கீறி விதையைப் போட்டு மூடிவிட்டுப் போகும். மூன்று வருஷம் இப்படி இருந்தால் மண்ணை அளந்து பார்த்து, சேர்ந்திருக்கிற கரியை எண்ணிலிருந்து கழித்துக்கொள்வார்கள். அந்த வயலின் சோளம் அதற்குப் பிறகு தனிக் குதிருக்குப் போகும், கூடுதல் விலைக்கு.

திட்டத்தின் விதிகளை எழுதியவள் அவள்தான். மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவற்றில் ஒன்று, ஒரு வயல் ஒரு கணக்கு. வயலில் எந்த மூலையில் கலப்பை பட்டாலும் முழு வயலின் கணக்கும் பூஜ்யத்துக்குப் போய்விடும். பாதியை உழுதுவிட்டு மீதியைக் காட்டி ஏமாற்றிவிடுவார்களோ என்கிற பயத்தில் எழுதியது. இன்னொன்று, வயலின் ஓரத்தில் மண் எடுக்கக்கூடாது. ஓரத்தில் டிராக்டர் திரும்பும், ரோட்டுத் தூசி விழும், அந்த மண் சரியான மண்ணாக இருக்காது. இது அவள் கண்டுபிடித்த விதி இல்லை. மண் எடுக்கிற எல்லோரும் எங்கேயும் செய்வதுதான்.

திட்டத்தை விளக்கக் கூட்டம் போட்டபோது வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டுக் கலைந்துவிட்டார்கள். மிஞ்சியது அவளுடைய அண்ணன் மட்டும்தான். அவர் ரோட்டோரம் சோளம் போடுகிறவர். காலி நாற்காலிகளையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி, என் பேரை எழுதிக்கோ. உன் மூஞ்சியைப் பாக்கச் சகிக்கலை.”

“யோசிச்சு சொல்லுண்ணா.”

“யோசிச்சா சேரமாட்டேன். எழுது.”

அவர் சேர்ந்தாரே என்று அடுத்தடுத்த வயல்காரர்களும் பின்னால் சேர்ந்தார்கள்.

அதற்கப்புறம் மூன்று வருஷம். தட்டை நிற்கிற வயலைப் பார்த்துப் பழகாத கண்கள் அந்த ரோட்டில் போய் வந்துகொண்டிருந்தன. “என்னப்பா, கலப்பையை வித்துத் தின்னுட்டியா?” என்று கடையில் கேட்டார்கள். “விவசாயத்தை விட்டுட்டாராம், தட்டை வளக்குறாராம்” என்றார்கள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

இவ்வளவுதான் நடந்தது, அவளுக்குத் தெரிந்து.

மூன்றாம் வருஷத்து அறுப்பு முடிந்து, மண்ணை அளக்க வெளியிலிருந்து கார்பன் ஆடிட்டர் வருவதற்கு முந்தின நாள், ஆலையின் ஜீப் கிளட்ச் போய் நின்றுவிட்டது. ஜீப்பில் போனால் அவள் எப்போதும் வாய்க்கால் கரை வழியாகத்தான் போவாள். வயல்களின் பின்பக்கம் அங்கேதான் இருந்தது. மண் எடுக்கிற இடங்களுக்கும் அதுதான் கிட்டம். அன்றைக்கு வேறு வழியில்லாமல் பஸ் ஏறினாள்.

முன் இருக்கையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அப்பாடா, இந்த ரோடு இப்பதான் பாக்குற மாதிரி இருக்கு.”

“ஆமாமா. மூணு வருஷமா சவரம் பண்ணாத மூஞ்சி மாதிரியில்ல கெடந்துச்சு.”

“யாரோ ஒரு மேடம் உழவே கூடாதுன்னுடுச்சாம்.”

“உழாதேன்னு சொல்றதுக்குச் சம்பளமாம். நமக்கு வாய்க்குமா அந்த வேலை?”

அவள் மடியில் இருந்த பையை, ஆலையின் பெயர் அச்சிட்ட பக்கம் தன்னைப் பார்க்கும்படித் திருப்பி வைத்துக்கொண்டாள். பிறகுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

ரோட்டின் இரண்டு பக்கமும் மண் பழுப்பாக, பொலபொலவென்று, சீப்பு வைத்து வாரின தலை மாதிரிக் கிடந்தது. அதற்குப் பின்னால் தட்டைகள் திரை கட்டினதுபோல் நின்றன. வாய்க்கால் கரையிலிருந்து பார்த்தால் தட்டை மட்டும்தான் தெரியும். ரோட்டிலிருந்து பார்த்தால் உழுத மண்தான் முதலில் தெரியும். ஓரம் என்றால் ஒரு வண்டி அகலம். இது ஏழெட்டு வண்டி அகலத்துக்கு இருந்தது. அண்ணன் வயல் வந்தது. அங்கேயும் அப்படித்தான். சொல்லப்போனால் அங்கேதான் எல்லாவற்றையும்விட நேர்த்தியாக இருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

அண்ணன் வீட்டு வாசலில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

“வா வா. ஜீப் சத்தமே கேக்கலை?”

“அண்ணா, ரோட்டுப் பக்கம் யாரு உழுதது?”

அண்ணன் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. “எந்த ரோட்டுப் பக்கம்?”

“நமக்கு எத்தனை ரோடு இருக்கு?”

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. “சொல்லுங்களேன். கோழி திருடினவரு மாதிரி முழிக்கிறீங்க.”

“நீ கொஞ்சம் சும்மா இரு.”

“நான் சும்மா இருந்துதான் மூணு வருஷம் ஓடிப்போச்சு.” அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். “இங்க பாரும்மா. எங்கப்பா மாசம் ஒரு தடவை இந்த ரோட்லதான் பஸ்ல போறாரு. போன தடவை இறங்கி வீட்டுக்கே வந்துட்டாரு. வந்தவரு என்ன கேட்டாருன்னு உங்கண்ணனையே கேளு.”

அண்ணன் மோட்டாரைப் பார்த்துச் சொன்னார். “மாப்பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டாரு.”

“அதோட விட்டாரா? பிள்ளைங்களை வேணா நான் கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போயி வச்சிருக்கேன், நீ மாப்பிள்ளையைக் கவனிம்மான்னாரு. கல்லு மாதிரி உக்காந்திருக்காரு மனுசன், இவரை என்னன்னு கவனிக்கிறது?”

“அதான்,” என்றார் அண்ணன். “யாரு என்ன சொன்னாலும் தாங்கிக்கிட்டேன். நோயாளி ஆக்கினதைத் தாங்க முடியலை. அறுப்பு முடிஞ்சதும் டிராக்டரை எடுத்துட்டுப் போயி ஒரு ஓட்டு ஓட்டினேன். ரோட்டைப் பாத்த பக்கம் மட்டும்தான். உள்ள ஒரு பிடி மண்ணைத் தொடலை. நீ வேணா போய்ப் பாரு.”

“ஒரு வயல் ஒரு கணக்குண்ணா.”

“தெரியும். நீ பின்பக்கமாத்தானே வருவே, உனக்கு எப்படித் தெரியப்போகுதுன்னு நினைச்சேன்.”

அதைச் சொல்லும்போது அவர் கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. தங்கையைப் பற்றித் தெரிந்த ஒரு உண்மையைச் சொன்ன மாதிரிதான் சொன்னார்.

“மத்தவங்களும் உழுதிருக்காங்களே?”

“நான் யாருக்கும் சொல்லலை.”

சொல்லவேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வயல் மீசைக்காரர் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“மேடம், நல்ல காரியம் பண்ணீங்க. ஓரத்துக்காச்சும் விட்டுக் குடுத்தீங்களே.”

“யாரு விட்டுக் குடுத்தது?”

“நீங்கதான். மேடத்தோட அண்ணனே பட்டப்பகல்ல உழுறாரு. கம்பெனி உத்தரவு இல்லாமலா உழுவாரு? அதான் நாங்களும் ஆளுக்கு ஒரு ஓட்டு ஓட்டிவிட்டோம். எங்க ரோடு எங்களுக்கே அடையாளம் தெரியலைங்க, அவ்வளவு அழகு!”

மீசைக்காரர் மூன்று முகங்களையும் சுற்றிப் பார்த்தார். சிரிப்பு மெல்லத் தேய்ந்தது. “உத்தரவு இல்லீங்களா?” என்று கேட்டார். அண்ணன் மோட்டாருக்குள் குனிந்துகொண்டதும், அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார். அவர் ஆயுளில் அடுப்பைத் தொட்டதில்லை என்றாள் அண்ணி.

அண்ணன் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“பூஜ்யம்னா எப்படி? இந்த வருஷம் மட்டுமா, மூணு வருஷமுமா?”

“மூணு வருஷமும். மறுபடி முதல்லேருந்து.”

“அப்ப நான் இவ்வளவு நாள் பேச்சு வாங்கினதெல்லாம்?”

அவள் பிரித்துக் கிடந்த மோட்டாரைப் பார்த்தாள்.

“அந்த விதியை எழுதினது யாரு?”

“நான்தான்.”

“உனக்காகத்தான் சேந்தேன். தெரியுமில்ல? சோளத்துக்காக இல்லை, விலைக்காக இல்லை. காலி நாற்காலிக்கு நடுவுல நீ நின்னதுக்காக.” அவர் குரல் உயரவில்லை. “நாளைக்கு வர்றவங்க எந்தப் பக்கமா வருவாங்க?”

“வாய்க்கால் பக்கமா.”

“அப்புறம் என்ன? நீ இன்னிக்கு பஸ்ல வரலை. எதையும் பாக்கலை. சரியா?”

அவள் தொண்டையைச் செருமினாள்.

“நல்லது,” என்று அண்ணன் மோட்டாரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் ஆலைக்குத் திரும்பி மேனேஜரிடம் சொன்னாள். அவருடைய அறை புளிப்புத் தொட்டிகளுக்கு மேலே இருந்தது. ஜன்னலை மூடியே வைத்திருந்தாலும் மாவு புளிக்கிற வாசம் உள்ளே வந்துவிடும். அவர் சட்டையில், காகிதங்களில், அவர் கொடுக்கிற பிஸ்கட்டில்கூட அந்த வாசம் இருக்கும். முழுவதையும் கேட்டுவிட்டு, விதித்தாளை எடுத்துப் புரட்டிக்கொண்டே ஒரு பிஸ்கட்டைக் கடித்தார்.

“ஓரத்துல மண் எடுக்கக்கூடாதுன்னு எழுதினது நீயா, நானா?”

“நான்தான் சார்.”

“அப்ப எடுக்காதே.”

“ஓரம்னா ஒரு வண்டி அகலம் சார். அவங்க ஏழெட்டு வண்டி அகலம் உழுதிருக்காங்க.”

“ஓரம்னு மட்டும்தான் எழுதியிருக்கே. எத்தனை வண்டின்னு எழுதலை. நான் இப்பதான் முதல் தடவையா படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருக்கே.” அவர் நாற்காலியில் சாய்ந்தார். “இங்க பாரும்மா. நான் கெட்டவன் இல்லை. நாளைக்கு வர்றவங்க கேட்டா பொய் சொல்லுன்னு நான் சொல்லமாட்டேன். கேட்டா சொல்லு. கேக்கலைன்னா நீயா எதுக்கு வாயைத் திறக்கணும்? உனக்குத்தான் பேசறதுன்னாலே ஆகாதே.”

“எண் தப்பாயிடும் சார்.”

“எவ்வளவு தப்பாகும்?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம் தப்பில்லாத எண் ஒண்ணு எனக்குக் காட்டு.”

அளவு எடுக்கிறவளுக்கு அது தெரியாததில்லை. எந்த எண்ணும் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். ஆனால் தெரியாமல் தப்பாவது ஒன்று, தெரிந்தே தப்பாக எழுதுவது இன்னொன்று. பெரிய கொள்கையாக அவள் இதை யோசிக்கவில்லை. ரோட்டோரம் உழுத அந்தப் பட்டையிலிருந்து கரி போய்விட்டது. போன இடத்திலிருந்து இனி அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. போகவில்லை என்று எழுதினால் அது மண்ணைப் பற்றிய எண்ணாக இருக்காது. அதற்குமேல் அவள் யோசனை ஓடவில்லை. அண்ணனை நினைத்தால் மட்டும் பாதியில் நின்றுவிட்டது.

மறுநாள் ஜீப்பைச் சரிசெய்துவிட்டார்கள். கார்பன் ஆடிட்டர் ஐம்பதைத் தாண்டிய அம்மாள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் ஒரு பெல்ட். இடுப்பு வலி என்று ஏறும்போதே சொல்லிவிட்டார்.

“வயலெல்லாம் பக்கத்துல பக்கத்துலதானே? நான் ரொம்ப நடக்கமாட்டேன்.”

“கைக்கெட்டுற தூரம்தான் மேடம்,” என்றார் கூடவே தொற்றிக்கொண்டு வந்த மேனேஜர்.

வாய்க்கால் கரையில் இறங்கினார்கள். அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவள் மண் எடுக்கிற இரும்புக் குழாயைத் தட்டைகளுக்கு நடுவே நிறுத்தி, மரச் சுத்தியால் அடித்து இறக்கி, திருகி வெளியே எடுத்தாள். குழாயைத் திறந்ததும் ஆடிட்டர் குனிந்து பார்த்து, இடுப்பு வலியை மறந்துவிட்டார். மேலே ஒரு சாண் ஆழத்துக்கு மண் காப்பித்தூள் நிறத்தில், ஈரமாக, உருண்டை உருண்டையாக இருந்தது. நடுவில் ஒரு மண்புழு பாதியாய் அறுபட்டு நெளிந்தது.

“மூணு வருஷத்துல இவ்வளவா? நல்லா வச்சிருக்கீங்களே.”

“எல்லாம் தங்கச்சி சொன்னபடிதான்,” என்றார் அண்ணன்.

குறித்துவைத்த இடங்கள் எல்லாவற்றிலும் எடுத்தார்கள். எங்கேயும் அதே மண். ஆடிட்டர் பைகளுக்கு முத்திரை ஒட்டிவிட்டு நிமிர்ந்தார். “அவ்வளவுதானே? அடுத்த வயலுக்குப் போகலாமா?”

மேனேஜர் வானத்தைப் பார்த்தார். அண்ணன் தங்கையைப் பார்த்தார்.

அவள் தொண்டையைச் செருமினாள்.

“தண்ணி வேணுமா?” என்று ஆடிட்டர் தன் பாட்டிலை நீட்டினார்.

“வேணாம் மேடம்.” அவள் குரல் தட்டைகளின் சலசலப்புக்கு மேலே எழவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். “இன்னும் ஒரு இடம் இருக்கு. முன்பக்கம்.”

யாருக்காகவும் நிற்காமல் தட்டைகளுக்குள் புகுந்து நடந்தாள். பின்னால் ஆடிட்டர் முனகுவதும், தட்டைகள் ஒடிவதும், மேனேஜர் “பாத்து மேடம், பாத்து” என்று சொல்வதும் கேட்டது. அண்ணனின் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

தட்டைகள் முடிந்தன. வெயிலில் பழுப்பு மண் விரிந்து கிடந்தது.

ஆடிட்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்.

“இது எப்ப உழுதது?”

“அறுப்பு முடிஞ்சதும்.” பதில் சொன்னது அண்ணன். கடைசியாக வந்தவர், தட்டைகளின் விளிம்பைத் தாண்டாமல் நின்றார்.

“எதுக்கு?”

“ரோட்ல போறவங்க பாக்கிறதுக்கு.”

ஆடிட்டருக்கு அது புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. “உங்க விதியில ஒரு வயல் ஒரு கணக்குன்னு இருக்கே,” என்றார். “அப்ப இந்த வயல் போச்சு. பக்கத்துலயும் இப்படித்தானா? அதெல்லாமும் போச்சு. நான் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தேன்?”

“அந்த விதி தப்பு மேடம்.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அப்படிப் பேசினால் வார்த்தைகள் வந்தன.

“கரி போனது இந்தப் பட்டையிலேருந்துதான். பின்னால இருக்கிறது அப்படியே இருக்கு, நீங்களே பாத்தீங்க. இங்க இல்லாததை இருக்குன்னு எழுதினா தப்பு. அங்க இருக்கிறதை இல்லைன்னு எழுதினாலும் அதே தப்புதான். ஏமாத்திடுவாங்கன்னு பயந்து நான் அந்த விதியை எழுதினேன். மண்ணைப் பாத்து எழுதலை.”

“ஏமாத்தத்தானே செஞ்சாங்க?”

“ஆமா மேடம். ஆனா எது வரைக்கும்னு கண்ணுக்குத் தெரியுது.”

மேனேஜர் இருமினார். “விதி எங்களோடதுதான் மேடம். வாங்குறவங்க கேட்டதில்லை. மாத்திக்க எங்களுக்கு உரிமை உண்டு.” இப்படிச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பேசிமுடித்ததும் அவர் விரல்களை மடக்கி எதையோ கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். பட்டைகளைக் கழித்தால் எண் வரம்புக்கு மேலே போகுமா கீழே நிற்குமா என்பதாகத்தான் இருக்கும்.

ஆடிட்டர் ஒரு மண்கட்டியைக் காலால் உடைத்தார். யோசித்தார்.

“பிரிச்சு எழுதலாம். ஆனா நான் சொல்றபடிதான். உழுத இடம் எங்க முடியுதோ அங்க முளை அடிச்சு, இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் கயிறு கட்டணும். மஞ்சக் கயிறு, தூரத்துலேருந்து தெரியணும். அதை அடுத்த அறுப்பு வரைக்கும் யாரும் அவுக்கக்கூடாது. கயித்துக்கு முன்னால விளையறதைத் தனியா அறுக்கணும், அது பொதுக் குதிருக்கு. பின்னால விளையறது தனிக் குதிருக்கு. எல்லா வயலுக்கும் இதேதான். சம்மதம்னா இப்பவே கட்டுங்க, படம் எடுத்துட்டுப் போறேன். இல்லேன்னா பழைய விதி. முழுசும் பூஜ்யம்.”

சம்மதம் சொல்லவேண்டியவர் வயலுக்குச் சொந்தக்காரர்.

அண்ணன் ரோட்டைப் பார்த்தார். தங்கை ஒருத்திக்கு மட்டும் தெரியாமல், ஊருக்கெல்லாம் தெரியட்டும் என்று உழுத மண் அது. அதற்குக் கரை கட்டினது போல இனிமேல் ஒரு மஞ்சள் கயிறு. போகிறவன் வருகிறவன் ஒவ்வொருவனும் அது என்ன கயிறு என்று கேட்பான். ஒவ்வொருவனுக்கும் பதில் சொல்லவேண்டும். தட்டை நின்ற வயலாவது கேலியோடு போயிற்று. மாமனார் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கியே கேட்பார்.

“கயிறு கட்டினா பின்னால இருக்கிற மூணு வருஷம் நிக்குமா?” என்று கேட்டார். தங்கையைக் கேட்கவில்லை, ஆடிட்டரைக் கேட்டார்.

“நிக்கும்.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

“அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். வேறொன்றும் சொல்லாமல் தட்டைகளுக்குள் திரும்பிப் போனார். போனவர் வருவாரா என்று யாருக்கும் தெரியவில்லை. மேனேஜர் மட்டும் ஒரு கையின் விரல்களை முடித்துவிட்டு அடுத்த கைக்குப் போனார். “மயிரிழை,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். “மயிரிழைல நிக்குது.” எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

இடம் குறிக்க ஜீப்பில் வைத்திருந்த மஞ்சள் கயிற்றுச் சுருளும், ஒரு சுத்தியும், தோளில் ஒரு கட்டு மூங்கில் முளைகளுமாக அண்ணன் திரும்பி வந்தார். முளைகளைத் தொப்பென்று கீழே போட்டார். ஒரு முளையையும் கயிற்றின் ஒரு நுனியையும் தங்கையிடம் நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீ அந்தக் கோடிக்குப் போ.”

அவள் கயிற்றை இழுத்துக்கொண்டு உழுத மண்ணில் நடந்தாள். மண் பொதபொதவென்று செருப்புக்குள் புகுந்தது. கோடிக்குப் போய் முளை அடித்துக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அண்ணன் தன் பக்கத்து முளையை அடித்து முடித்திருந்தார். கயிறு சாய்வாக ஓடியது.

“அண்ணா, இன்னும் ஒரு வரிசை உள்ள தள்ளி அடி.”

“இது உழலை.”

“உழுதிருக்கு. தட்டையோட வேர் மேல வந்திருக்கு பாரு.”

“ஒரு வரிசைதானே.”

“ஒரு வரிசைதான். தள்ளி அடிண்ணா.”

அவளுக்கே தன் குரல் இவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது. ஆடிட்டர் படம் எடுக்கத் தூக்கின கேமராவை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். பக்கத்து வயலில் மீசைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வந்து நின்று, அடுத்தது தங்களுக்குத்தான் என்று தெரிந்தவர்கள்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் முளையை ஆட்டிப் பிடுங்கினார். ஒரு வரிசை உள்ளே தள்ளி ஊன்றி, சுத்தியால் தேவைக்கு அதிகமாகவே அடித்தார். கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

“நடுவுல தொங்குது,” என்றார். “உன் பக்கம் இழுத்துக் கட்டு.”

அவள் அவிழ்த்து, இழுத்துக் கட்டினாள்.